தண்டவாளம் வகுத்த பொறுப்பு: பிஜித் தீவுகளின் கரும்பு ரயிலும் குத்தகை உழவரும் (1882–2017)

ஆய்வுச் சுருக்கம்

பிஜித் தீவுகளில் வயலிலிருந்து ஆலைக்குக் கரும்பைக் கொண்டுசெல்ல இரண்டடி அகலமுள்ள குறுகிய இருப்புப்பாதைகள் நூறாண்டுகளுக்கும் மேலாகப் பயன்பட்டு வருகின்றன. காலனியல் சுகர் ரிஃபைனிங் கம்பெனி அமைத்த இப்பாதைகள் இதுவரை பெரும்பாலும் எஞ்சின்களின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளன. ஒப்பந்தக் கூலிமுறை முடிவுற்றபின் நிலத்தைக் குத்தகை உழவர்களிடம் பிரித்துக் கொடுத்த கம்பெனி, அறுவடையின் மீதான தன் ஆளுகையை இப்பாதைகளின் வழியே தக்கவைத்துக்கொண்டது என்பதை இக்கட்டுரை எடுத்துக்காட்டுகிறது. கரும்பைக் கொண்டுசெல்லும் செலவில் ஆலையின் பங்கு எங்கே தொடங்குகிறது என்பதையும் பாதையே முடிவு செய்தது. ஆகவே, ரயிலிலிருந்து லாரிக்கு நிகழ்ந்த மாற்றம் செலவையும் இடரையும் ஆலையிடமிருந்து உழவர்மீது நகர்த்திய மாற்றமாகும் என்பது கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: பிஜி, கரும்பு, குறுகிய இருப்புப்பாதை, ஒப்பந்தக் கூலிமுறை, குத்தகை உழவர், புலம்பெயர் தமிழர்

முன்னுரை

பிஜித் தீவின் கரும்பு வயல்கள் தமிழ் வாசகர்களுக்குப் புதியவை அல்ல. அங்குள்ள இந்தியப் பெண்களின் துயரைப் பொருளாகக் கொண்ட பாரதியின் ‘கரும்புத் தோட்டத்திலே’ என்னும் பாடல் அவ்வயல்களைத் தமிழ் மனத்தில் பதித்துவிட்டது. ஆனால் அவ்வயல்களில் வெட்டப்பட்ட கரும்பு அதன்பின் எவ்வழியே சென்றது, அவ்வழி யாருடைய உடைமையாக இருந்தது, அதற்கான செலவை யார் ஏற்றனர் என்னும் வினாக்கள் தமிழில் அதிகம் எழுப்பப்படவில்லை.

ஆங்கிலத்தில் இப்பொருள் இரு வேறு துறைகளாகப் பிரிந்து நிற்கிறது. கே.எல். கில்லியன், பிரிஜ் லால் முதலியோர் ஒப்பந்தக் கூலிகளின் குடியேற்றத்தையும் வாழ்வையும் விரிவாக ஆராய்ந்தனர். மைக்கேல் மோய்னா சர்க்கரைத் தொழிலின் வரலாற்றை எழுதினார். மறுபுறம், ரயில் ஆர்வலர்கள் எஞ்சின்களின் பட்டியலையும் பாதைகளின் வரைபடங்களையும் அரிதின் முயன்று தொகுத்துள்ளனர். முதல் வகை நூல்களில் தண்டவாளம் பின்னணியில் மட்டும் வருகிறது; இரண்டாம் வகை நூல்களில் உழவர் பின்னணியில் மட்டும் வருகிறார். இவ்விரு வரலாறுகளையும் ஒருங்கே வைத்து நோக்குவது இக்கட்டுரையின் முயற்சியாகும்.

1. கரும்பின் கெடுவும் குறுகிய பாதையின் தேவையும்

கரும்புப் போக்குவரத்தின் அடிப்படைச் சிக்கல் பயிரின் இயல்பிலேயே உள்ளது. ஒரு டன் சர்க்கரை பெற ஏறத்தாழ 8 முதல் 10 டன் கரும்பு தேவைப்படுகிறது. எடையின் பெரும்பகுதி நீரும் சக்கையும் ஆகையால், கரும்பை நெடுந்தொலைவு சுமந்து செல்வது கட்டுப்படியாகாது. எனவே ஆலை வயல்களுக்கு நடுவிலேயே அமைய வேண்டியிருந்தது.

அதனினும் கடியது காலத்தின் நெருக்கடி. வெட்டப்பட்ட கணுவில் நுண்ணுயிர்கள் பெருகத் தொடங்குகின்றன. சுக்ரோஸ் சிதைந்து, சர்க்கரையாகப் படியாத எளிய இனிப்புகளாக மாறுகிறது. வெப்பமான பகுதிகளில் ஓரிரு நாட்களுக்குள் அரவைக்குச் செல்லாத கரும்பு எடையையும் சர்க்கரைச் சத்தையும் இழக்கிறது. தீயிட்டு வெட்டப்பட்ட கரும்பு இன்னும் விரைவாகக் கெடும். ஆலையோ, அரவைப் பருவம் தொடங்கியபின் இரவுபகலாக ஓட வேண்டிய இயந்திரத் தொகுதி. கரும்பு தாமதமாக வந்தால் கொதிகலன்கள் வீணே எரியும். அளவுக்கு மீறி வந்தால் ஆலை முற்றத்தில் கிடந்து கெடும். ஆகவே சீரான வரத்து என்பது ஆலையின் உயிர்நிலையாக இருந்தது.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இச்சிக்கலுக்குக் கிடைத்த விடையே குறுகிய இருப்புப்பாதை. பிரான்சில் பால் டெகோவில் என்பவர் 1870களின் நடுவில் தம் பண்ணையின் பீட் கிழங்கு அறுவடையைச் சேற்று நிலத்திலிருந்து வெளிக்கொணர, தண்டவாளமும் குறுக்குச் சட்டமும் ஒன்றாக இணைக்கப்பட்ட, ஆட்களே தூக்கி வைக்கக்கூடிய பாதைத் துண்டுகளைப் பயன்படுத்தினார். இங்கிலாந்தின் ஜான் ஃபவுலர் நிறுவனமும் இத்தகைய பெயர்ப்புப் பாதைகளையும் அவற்றுக்கேற்ற சிறு எஞ்சின்களையும் தோட்டங்களுக்கு விற்றது. குறுகிய பாதைக்கு நிலம் குறைவாகவே தேவைப்பட்டது. அது கூரிய வளைவுகளில் திரும்பும். அதற்கு இலகுவான பாலங்களே போதும். எல்லாவற்றிற்கும் மேலாக, அதன் கடைசிப் பகுதியை இன்று ஒரு வயலிலும் நாளை மற்றொரு வயலிலும் விரிக்க இயலும். ஜாவா, கியூபா, குயின்ஸ்லாந்து முதலிய கரும்பு நாடுகளில் இம்முறை பரவியதற்கு இதுவே காரணம்.

2. கம்பெனியும் அதன் பாதைகளும்

பிஜி 1874 அக்டோபர் 10 அன்று பிரிட்டிஷ் முடியாட்சியின்கீழ் வந்தது. முதல் ஆளுநர் சர் ஆர்தர் கோர்டன், பழங்குடி மக்களின் நிலத்தையும் ஊர் அமைப்பையும் குலைக்காமல் தோட்டப் பயிரை வளர்க்க விரும்பினார். அதற்கான உழைப்பு இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வரவழைக்கப்பட்டது. 1879 மே மாதத்தில் ‘லியோனிடாஸ்’ கப்பல் கல்கத்தாவிலிருந்து முதல் தொகுதியினரைக் கொண்டுவந்தது. முதலீடு சிட்னியில் 1855இல் நிறுவப்பட்ட காலனியல் சுகர் ரிஃபைனிங் கம்பெனியிடமிருந்து வந்தது.

அக்கம்பெனி 1882இல் நௌசோரியிலும், 1886இல் பா ஆற்றங்கரையில் ராராவாயிலும், 1894இல் வனுவா லெவு தீவின் லம்பாசாவிலும், 1903இல் லவுட்டோகாவிலும் ஆலைகளை இயக்கத் தொடங்கியது. ராக்கிராக்கிப் பகுதியின் பெனாங் ஆலையை 1926இல் வாங்கியது. அதன்பின் நாட்டின் சர்க்கரை உற்பத்தி முழுவதும் ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தது.

இந்த ஆலைகளில் நௌசோரியின் நிலை சற்று வேறுபட்டது. ரேவா ஆற்றின் கிளைகள் அங்கே இயற்கையான நீர்வழியாக அமைந்ததால் கரும்பின் ஒரு பகுதி படகுகளில் வந்தது. ஆனால் மழைமிகுந்த அப்பகுதியில் கரும்பின் சர்க்கரைச் சத்து குறைவு. தொழிலின் எதிர்காலம் வறண்ட மேற்குக் கரையிலும் வனுவா லெவுவின் வடகரையிலும் இருந்தது. பயன்படத்தக்க நீர்வழிகள் குறைந்த அக்கரைகளில், கடலுக்கும் மலைக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய சமவெளியில் கரும்பு பயிரானது. நீண்டு மெலிந்த அச்சமவெளியைக் கோத்துச் செல்ல இருப்புப்பாதையே ஏற்றதாயிற்று. நௌசோரி ஆலை 1959இல் மூடப்பட்டது. பாதையைச் சார்ந்த மேற்கு, வடக்கு ஆலைகள் தொடர்ந்தன.

ஆலைகளின் பாதைகள் இரண்டடி, அதாவது 610 மி.மீ. அகலத்தில் அமைந்தன. தொடக்கத்தில் குதிரைகளும் காளைகளும் பெட்டிகளை இழுத்தன; முதன்மைப் பாதைகளில் நீராவி எஞ்சின்கள் ஓடின. லீட்ஸ் நகரின் ஹட்ஸ்வெல் கிளார்க் நிறுவனம் இவற்றில் பலவற்றைச் செய்து அனுப்பியது. விட்டி லெவுவின் மேற்குக் கரையில் ராராவாய்ப் பகுதியையும் தெற்கே சிங்கடோகா ஆற்றுப் பகுதியையும் இணைக்கும் நெடும்பாதைக்கென 1906இல் ராராவாய்–கவனங்கசாவு இலகு ரயில் சட்டம் இயற்றப்பட்டது. பழங்குடியினர் நிலங்களையும் பொதுச் சாலைகளையும் கடந்து செல்லும் உரிமையை ஒரு தனியார் கம்பெனிக்கு அரசே சட்டத்தின் வழி வழங்கியது என்பது இங்கே கருதத்தக்கது. ஆலை கம்பெனியின் முதலீட்டால் எழுந்தது. பாதையோ அரசின் ஒப்புதலின்றி அமைந்திருக்க இயலாது.

3. கூலிகளின் கையில் பாதை

லவுட்டோகா ஆலை இயங்கத் தொடங்கிய அதே 1903ஆம் ஆண்டில்தான் மதராஸ் துறைமுகத்திலிருந்து பிஜிக்கு ஒப்பந்தக் கூலிகளின் வருகை தொடங்கியது. 1916 வரை இந்தியாவிலிருந்து பிஜிக்கு வந்த 60,000க்கும் மேற்பட்டோரில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் மதராஸ் வழியே வந்த தமிழரும் தெலுங்கரும் மலையாளிகளும் ஆவர். மேற்குக் கரையின் பெருவிரிவுக் காலமும் தென்னிந்தியரின் வருகைக் காலமும் ஒன்றே.

ஒப்பந்தக் காலம் ஐந்தாண்டு. நாளொன்றுக்கு விதிக்கப்பட்ட வேலையளவை முடித்த ஆணுக்கு ஒரு ஷில்லிங், பெண்ணுக்கு ஒன்பது பென்ஸ் என்பது சட்டம் வகுத்த கூலி. வேலையளவை முடிக்காதவருக்கு அன்றைய முழுக்கூலி இல்லை; வேலைக்கு வராமை தண்டனைக்குரிய குற்றம். வெட்டுதல், சோகை நீக்குதல், கட்டுதல், பெட்டியில் ஏற்றுதல் ஆகியவற்றோடு பெயர்ப்புப் பாதையைத் தூக்கி வைப்பதும் நிரம்பிய பெட்டிகளை முதன்மைப் பாதைவரை தள்ளிச் செல்வதும் தோட்ட வேலையின் பகுதிகளே.

இந்த அமைப்பில் பாதை தோட்டத்தின் உள்ளுறுப்பாக இருந்தது. நிலம், உழைப்பு, பாதை, ஆலை ஆகிய நான்கும் ஒரே உடைமையாளருக்கு உரியவை. எனவே போக்குவரத்துச் செலவு யாருடையது என்னும் வினாவே எழவில்லை. எல்லாமே கம்பெனியின் கணக்கில் சேர்ந்தன. அவ்வினா எழுவதற்கு முதலில் இந்நான்கும் பிரிய வேண்டியிருந்தது.

4. நிலத்தைப் பிரித்தலும் பாதையைப் பிரிக்காமையும்

இந்திய தேசிய இயக்கத்தின் அழுத்தமும், சி.எஃப். ஆண்ட்ரூஸும் டபிள்யூ.டபிள்யூ. பியர்சனும் 1916இல் வெளியிட்ட அறிக்கையும் கூலி ஏற்றுமதியை நிறுத்தத் துணைநின்றன. எஞ்சியிருந்த ஒப்பந்தங்கள் 1920 ஜனவரி 1 முதல் நீக்கப்பட்டன. அடுத்த ஆண்டில், 1921 பிப்ரவரி முதல் ஆகஸ்ட் வரை, மேற்கு விட்டி லெவுவின் கரும்புத் தொழிலாளர் பெரும் வேலைநிறுத்தம் செய்தனர். கட்டாய உழைப்பின்றிப் பெருந்தோட்டம் நடத்த இயலாது என்பது கம்பெனிக்குத் தெளிவாயிற்று.

1920களில் கம்பெனி தன் தோட்டங்களைச் சுமார் 10 ஏக்கர் கொண்ட சிறு பண்ணைகளாகப் பிரித்து, முன்னாள் கூலிகளுக்கும் அவர்தம் மக்களுக்கும் குத்தகைக்கு விட்டது. பழங்குடியினரிடமும் அரசிடமும் நேரே குத்தகை பெற்ற உழவர்கள் ‘ஒப்பந்தக்காரர்’ எனப்பட்டனர். 1930களின் முடிவிற்குள் பிஜிக் கரும்பின் பெரும்பகுதி இவ்விரு வகை இந்திய உழவர்களால் விளைவிக்கப்பட்டது. பெருந்தோட்டம் மறைந்து குடும்பப் பண்ணை எழுந்த இம்மாற்றத்தை வரலாற்றாசிரியர்கள் பிஜியின் தனிச்சிறப்பாகக் கருதுகின்றனர்.

ஆனால் இம்மாற்றத்தில் எது பிரிக்கப்படவில்லை என்பதையும் காண வேண்டும். நிலம் பிரிக்கப்பட்டது, விளைச்சலின் இடர் உழவரிடம் ஒப்படைக்கப்பட்டது, உழைப்பு குடும்பத்தின் பொறுப்பாயிற்று. ஆலையும் பாதையும் கம்பெனியிடமே இருந்தன. கரும்பை வெட்டிப் பாதையோரம் நிற்கும் பெட்டியில் ஏற்றும்வரை உழவரின் கடமை. அங்கிருந்து ஆலைவரை கம்பெனியின் கடமை. உழவர் வெட்டுக் குழுக்களாக அமைந்தனர். ஒவ்வொரு குழுவுக்கும் இத்தனை காலிப் பெட்டிகள் என்று ஆலை ஒதுக்கியது.

காலிப் பெட்டியின் வருகையே உண்மையில் வெட்டு ஆணையாகச் செயற்பட்டது. தமிழ்நாட்டில் ஆலையில் பதிவு செய்த உழவர் வெட்டு உத்தரவுக்காகக் காத்திருப்பதை இதனோடு ஒப்பிடலாம். அங்கே தாளில் வரும் ஆணை இங்கே சக்கரங்களின்மேல் வந்தது. பெட்டி வராத நாளில் வெட்டுவதில் பயனில்லை. வந்த நாளில் வெட்டாமலிருக்கவும் இயலாது. எந்த வயல் எந்த வாரத்தில் வெட்டப்படும், மறுதாம்பு எப்போது துளிர்க்கும், குடும்பத்தின் கையில் பணம் எப்போது புரளும் ஆகிய அனைத்தும் பெட்டிகளின் ஓட்டத்தோடு பிணைந்திருந்தன. எடையும் ஆலையின் எடைமேடையில்தான் போடப்பட்டது. உழவரின் விளைபொருள் அவர் கண்ணை விட்டு மறைந்தபின்னரே அதன் அளவு முடிவாயிற்று. எடை குறித்த ஐயம் உழவர் சங்கங்களின் நீங்காத குறைகளுள் ஒன்றாக இருந்ததில் வியப்பில்லை.

தோட்டக் காலத்தில் மேற்பார்வையாளரும் சர்தாரும் ஆற்றிய ஒழுங்குபடுத்தும் வேலையின் ஒரு பகுதியை இப்போது கால அட்டவணை ஆற்றியது. நேரடி ஆளுகையைக் கைவிட்ட கம்பெனி தன் பிடியை இழக்காமைக்கு விலை ஒப்பந்தமும் கடனும் குத்தகையும் காரணங்கள் என முன்னையோர் காட்டியுள்ளனர். அவற்றோடு பாதையின் உடைமையையும் சேர்த்து எண்ண வேண்டும்.

அதே வேளையில் இவ்வமைப்பு உழவருக்கு ஒரு காப்பையும் அளித்தது. பாதையோரம் பெட்டியை நிரப்பியதோடு அவர் செலவு முடிந்தது. ஆலைக்கு மூன்று கி.மீ. தொலைவிலுள்ள பண்ணையும் நாற்பது கி.மீ. தொலைவிலுள்ள பண்ணையும், பாதையோரம் இருக்கும்வரை, போக்குவரத்துச் செலவில் ஒரே நிலையில் நின்றன. எஞ்சின் பழுது, பாலப் பழுது, தடம்புரளல் ஆகியவற்றைச் சீர்செய்யும் செலவும் கம்பெனியுடையது.

5. வெட்டாத கரும்பின் வலிமை

பாதையின் ஒழுங்கு உழவரை ஆண்டது. ஆயினும் அதே ஒழுங்கு அவர்களுக்கு ஓர் ஆயுதத்தையும் தந்தது. வெட்டிய கரும்பு ஓரிரு நாளில் கெடும். நிற்கும் கரும்போ பல வாரங்கள் தாங்கும். ஆகவே பிஜியின் கரும்புப் போராட்டங்கள் வெட்ட மறுக்கும் வடிவத்தைப் பெற்றன. காலிப் பெட்டிகள் வந்து நின்றாலும் நிரப்ப ஆளில்லை எனில் ஆலை நின்றுவிடும்.

1937இல் அயோத்தியா பிரசாத் முதலியோர் கிசான் சங்கத்தைத் தொடங்கினர். 1941இல் ஏ.டி. படேல், சுவாமி ருத்ரானந்தர் ஆகியோரின் தலைமையில் மகா சங்கம் எழுந்தது. ருத்ரானந்தர் இராமகிருஷ்ண மடத்தைச் சேர்ந்தவர். சாது குப்புசாமி 1926இல் தோற்றுவித்த தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கத்தின் பணிக்காக நாண்டிக்கு வந்தவர். கல்விக்கும் சமயத்துக்கும் அமைந்த அச்சங்கத்தின் வலைப்பின்னல், தென்னிந்திய உழவரிடையே மகா சங்கத்துக்கு வலுவான ஆதரவைத் திரட்டியது. நாண்டியும் அதன் சுற்றுப்புறமும் லவுட்டோகா ஆலையின் பாதைக்கு உட்பட்ட கரும்புப் பகுதி என்பதை நினைவில் கொண்டால், தமிழரின் சமய வரலாறும் கரும்பின் வரலாறும் எத்துணை நெருங்கியவை என்பது புலனாகும்.

போர்க்கால விலையேற்றத்தை ஈடுசெய்யும் கரும்பு விலையைக் கோரி 1943ஆம் ஆண்டு அரவைப் பருவத்தில் உழவர் வெட்ட மறுத்தனர். பல மாதங்கள் நீடித்த அப்போராட்டத்தில் தலைவர்களின் நடமாட்டம் கட்டுப்படுத்தப்பட்டது. விலை உயராமலே போராட்டம் 1944 தொடக்கத்தில் முடிந்தது. உழவர் ஒரு பருவ விளைச்சலின் பெரும்பகுதியை இழந்தனர். 1960இல் மீண்டும் ஒரு வெட்டு மறுப்பு நிகழ்ந்தது. இம்முறை உழவர் அமைப்புகள் தமக்குள் பிளவுபட்டன. உடனடி வெற்றி இல்லாவிடினும், இப்போராட்டங்கள் விலை ஒப்பந்தத்தை மூடிய அறையிலிருந்து விசாரணை மன்றத்துக்குக் கொண்டுவந்தன. அவ்வழியில் வந்ததே 1970இல் டென்னிங் பிரபு வழங்கிய தீர்ப்பு. சர்க்கரை வருவாயில் 65 விழுக்காடு உழவருக்கும் 35 விழுக்காடு ஆலைக்கும் உரியது என அது வகுத்தது. இந்நிலையில் தொழிலைத் தொடர விரும்பாத கம்பெனி வெளியேற முடிவு செய்தது. 1973இல் ஆலைகளும் பாதைகளும் அரசின் பிஜி சர்க்கரைக் கழகத்தின் உடைமையாயின.

6. இலவச ரயில்

கரும்பு ரயிலின் வரலாற்றில் பயணிகள் ரயிலுக்குத் தனி இடம் உண்டு. கம்பெனி தன் நெடும்பாதையில் கட்டணமின்றிப் பயணிகளை ஏற்றிச் சென்றது. சாலைகள் குறைந்திருந்த காலத்தில் மேற்குக் கரை மக்களுக்கு நகரங்களை அணுக அதுவே எளிய வழி. இலவச ரயில் என்ற பெயரில் அது பிஜி இந்தியரின் குடும்ப நினைவுகளில் இன்றும் பேசப்படுகிறது.

கம்பெனியின் கொடையாக அந்நினைவுகள் சில வேளைகளில் அதைச் சித்திரிக்கின்றன. ஆனால் பொதுச் சாலைகளையும் பிறர் நிலங்களையும் கடக்கும் உரிமைக்கு ஈடாக அரசு விதித்த கடப்பாட்டின் விளைவாகவே இச்சேவை நடந்தது. பொதுவெளியைத் தன் தொழிலுக்குப் பயன்படுத்தும் நிறுவனம் பொதுமக்களுக்கும் ஏதேனும் செய்ய வேண்டும் என்னும் கருத்து காலனிய அரசின் சட்டத்திலேயே இருந்தது என்பது குறிப்பிடத்தக்கது. லவுட்டோகா நகரின் முதன்மைத் தெருவான விட்டோகோ பரேட் வழியே, அரசப் பனைகளின் வரிசையை ஒட்டிக் கரும்பு ரயில் செல்லும் காட்சி, பாதையும் பொதுவெளியும் பின்னிக் கிடந்ததற்குச் சான்று.

7. லாரியும் இடம்மாறிய செலவும்

1973க்குப் பிந்தைய காலத்தில் இரு போக்குகள் எதிரெதிராக நிகழ்ந்தன. 1975இல் லோமே உடன்படிக்கையின் சர்க்கரை நெறிமுறை ஐரோப்பியச் சந்தையில் உயர்விலையை உறுதி செய்ததால் கரும்புப் பரப்பு விரிந்தது. 1990களின் நடுவில் ஆண்டு விளைச்சல் சுமார் 40 லட்சம் டன்னை எட்டியது. ஆனால் விரிந்த பரப்பின் பெரும்பகுதி பாதைக்கு அப்பால் இருந்தது. வனுவா லெவுவின் செங்காங்கா மேட்டுநிலத் திட்டம் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. அங்கிருந்து லம்பாசா ஆலைக்குக் கரும்பு லாரியில்தான் செல்ல வேண்டும்.

ஆகவே லாரி முதலில் பாதை எட்டாத உழவருக்கு வாய்ப்பாகவே வந்தது என்பதை மறுக்க இயலாது. வயலுக்குள் நேரே செல்லும் லாரி, பாதைத் துண்டுகளைத் தூக்கி வைக்கும் கடும் உழைப்பையும் நீக்கியது. ஆனால் காலப்போக்கில் பாதையோரப் பண்ணைகளும் லாரிக்கு மாறின. ரயிலில் செல்லும் கரும்புக்கான போக்குவரத்துச் செலவு ஆலையுடையது. லாரியில் செல்லும் கரும்புக்கோ உழவர் தம் வருவாயிலிருந்து வாடகை கொடுக்க வேண்டும். இந்த வேறுபாட்டை வைத்துப் பார்த்தால், இலவசமான ஒன்றை விட்டுக் கட்டணமுள்ள ஒன்றை உழவர் தேர்ந்தது முரணாகத் தோன்றலாம்.

அம்முரணுக்கு விளக்கம் பாதையின் நிலையில் உள்ளது. பழைய தண்டவாளங்களும் கட்டைகளும் தேய்ந்தன. தடம்புரளலும் பெட்டிப் பற்றாக்குறையும் மிகுந்தன. காலிப் பெட்டி எப்போது வரும் என்ற உறுதி குலைந்தபோது, ‘இலவச’ ரயிலில் அனுப்பும் கரும்பு வயலோரத்திலேயே எடையிழந்தது. வெட்டாட்களின் பற்றாக்குறையும் சேர்ந்துகொண்டது. வேளாண் நில உரிமையாளர்–குத்தகையாளர் சட்டத்தின்கீழ் வழங்கப்பட்ட 30 ஆண்டுக் குத்தகைகள் 1997 முதல் முடியத் தொடங்கியதும் பல குடும்பங்கள் நிலத்தை விட்டு வெளியேறின. பாதையோரப் பண்ணைகள் கரும்பிலிருந்து விலகின. பெட்டிகளை நிரப்பும் பண்ணைகள் குறையக் குறைய, ஒவ்வொரு கி.மீ. பாதையையும் பேணும் செலவு எஞ்சிய கரும்பின்மீது கூடியது. பேணுதல் குறைந்தபோது மேலும் பலர் லாரிக்குச் சென்றனர். 2006க்குப் பின் ஐரோப்பிய ஒன்றியம் சர்க்கரை விலையை 36 விழுக்காடு குறைத்தது ஆலையின் முதலீட்டு வலிமையையும் நசுக்கியது. 2010களில் பெரும்பாலான ஆண்டுகளில் விளைச்சல் 20 லட்சம் டன்னுக்கும் கீழே இருந்தது.

2016 பிப்ரவரியில் வீசிய வின்ஸ்டன் புயல் பெனாங் ஆலையைச் சிதைத்தது. அது மீண்டும் திறக்கப்படாது என்று 2017இல் முடிவாயிற்று. அதன்பின் ராக்கிராக்கி உழவரின் கரும்பு நெடுந்தொலைவு கடந்து ராராவாய் ஆலைக்கு லாரியில் சென்றது. நாட்டில் சுமார் 600 கி.மீ. குறுகிய பாதை கணக்கில் இருப்பினும், கரும்பின் பெரும்பகுதி இன்று சாலை வழியே ஆலையை அடைகிறது. ஆலை வாயிலில் லாரிகள் மணிக்கணக்கில் வரிசையில் நிற்கும்போது, அக்காத்திருப்பின் செலவு வாடகையாகவும் எடையிழப்பாகவும் உழவரின் கணக்கிலேயே சேர்கிறது. முன்பு பாதையின் தாமதத்துக்குப் பொறுப்பேற்க ஒரு நிறுவனம் இருந்தது. இன்று சாலையின் தாமதம் யாருடைய பொறுப்பும் அன்று.

குறுகிய பாதை காலங்கடந்த தொழில்நுட்பம் என்பதால் வீழ்ந்தது என்னும் விளக்கம் இங்கே போதாது. அதே கம்பெனி ஆலைகள் நடத்திய ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில், அதே இரண்டடிப் பாதைகள் சுமார் 4,000 கி.மீ. நீளத்தில் இன்றும் அம்மாநிலக் கரும்பின் மிகப் பெரும்பகுதியைச் சுமக்கின்றன. அங்கே இயந்திர அறுவடைக்கு ஏற்ற பெட்டிகளும் வலுப்படுத்தப்பட்ட தண்டவாளங்களும் தொடர்ந்த முதலீட்டால் வந்தன. இரு நாடுகளின் நில உரிமை, பண்ணையின் அளவு, மூலதனம் ஆகியவை வேறானவை. ஆயினும் பாதையின் அகலம் அதன் விதியை முடிவு செய்யவில்லை என்பதற்கு இவ்வொப்பீடு போதுமானது.

முடிவுரை

பிஜியின் கரும்பு ரயில் மூன்று கட்டங்களைக் கடந்துள்ளது. ஒப்பந்தக் கூலிக் காலத்தில் அது தோட்டத்தின் உள்ளுறுப்பாக இருந்தது. குத்தகை உழவர் காலத்தில், நிலத்தைக் கைவிட்ட கம்பெனி அறுவடையின் காலத்தைத் தன் கையில் வைத்துக்கொள்ளும் கருவியாகவும், அதே வேளையில் போக்குவரத்துச் செலவிலிருந்து உழவரைக் காக்கும் எல்லையாகவும் அது செயற்பட்டது. அரசுடைமைக்குப் பிந்தைய காலத்தில் பாதையின் நலிவோடு அவ்வெல்லை ஆலை வாயிலுக்கு நகர்ந்தது.

டென்னிங் தீர்ப்பு முதலாக வருவாய்ப் பங்கீட்டின் விழுக்காடுகளே உழவர் நலனின் அளவுகோலாகக் கொள்ளப்பட்டு வருகின்றன. ஆனால் விழுக்காடு மாறாமல் இருக்கும்போதே, வயலுக்கும் ஆலைக்கும் இடைப்பட்ட செலவு யார் கணக்கில் எழுதப்படுகிறது என்பது மாறினால் உழவரின் உண்மை வருவாய் மாறிவிடும். பங்கீட்டு ஒப்பந்தங்களை மட்டும் படிக்கும் ஆய்வுக்கு இம்மாற்றம் தென்படாது. தண்டவாளத்தையும் சேர்த்துப் படிக்கும் ஆய்வுக்கே அது தென்படும். புலம்பெயர் தமிழரின் வரலாறு கப்பலோடும் கூலி ஒப்பந்தத்தோடும் நின்றுவிடாமல், அவர்களின் வழித்தோன்றல்கள் நிரப்பிய பெட்டிகளின் தடத்தையும் தொடர்ந்தால், குத்தகை உழவராக அவர்கள் பெற்றதும் இழந்ததும் இன்னும் துல்லியமாக விளங்கும்.